கொடை ஏரியின் கரையில் 3,118 நோடு: குறைக்க என்ன வழி?

ஏரிச்சாலை, கொடைக்கானல் | திங்கள் காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் சின்ன ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஒரு அக்கா, பெட்டி மூடியில் ஒட்டுவதற்கு நம் ஏரியின் வடிவத்தையே வினைல் ஸ்டிக்கராக வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். 9 சென்டிமீட்டர் அகலம், 200 ஸ்டிக்கர், ஏரிக்குக் கீழே தமிழில் ‘கொடைக்கானல்’. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

ஒரு பழைய சுற்றுலா வரைபடத்தை ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில், படத்தைத் தானாகக் கோடாக மாற்றும் டிரேஸ் பிட்மேப் கொடுத்தேன். திரையில் அருமையாகத்தான் இருந்தது. நோடு கருவியை எடுத்து கண்ட்ரோல்-ஏ அடித்தால் கீழே 3,118 நோடு (கோட்டின் வடிவத்தை நிர்ணயிக்கும் புள்ளி) என்று காட்டுகிறது. அப்படியே கட்டிங் பிளாட்டருக்கு அனுப்பினேன். கத்தி வழுக்கிக்கொண்டு போகவில்லை, கரகரவென்று அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. வெட்டிய கரை ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. இரண்டு இடத்தில் வினைல் சுருண்டு கத்தியோடு எழும்பி வந்துவிட்டது. போதாததற்கு, கரை ஒரு கோடாக வெட்டுப்படாமல் நூலிழை இடைவெளியில் இரண்டு கோடாக வெட்டுப்படுகிறது.

நோடுகளைத் தானாகக் குறைக்கும் சிம்ப்ளிஃபை இரண்டு தடவை கொடுத்தேன். நோடு 240க்கு இறங்கியது. ஆனால் ஏரியின் கைகளெல்லாம் மொழுமொழுவென்று ஆகி, நனைந்த மாவுப் பொம்மை போல் இருக்கிறது. இதைக் காட்டினால் நம் ஊர்க்காரர் ஒருவர்கூட ஏரி என்று சொல்ல மாட்டார். என்ன செய்யலாம்?

அச்சுக்கூடம், ஊட்டி | திங்கள் காலை 11.05

இரண்டு கோடு வருவதற்குக் காரணம் எளிது. நீங்கள் டிரேஸ் செய்தது ஏரியை இல்லை, ஏரியைச் சுற்றி மையால் போட்டிருந்த கோட்டை. அந்தக் கோட்டுக்கும் ஒரு தடிப்பு உண்டு. மென்பொருளுக்கு அது ஒரு மெல்லிய பட்டை. பட்டையின் வெளி ஓரம் ஒன்று, உள் ஓரம் ஒன்று என இரண்டையும் வரைந்து கொடுத்துவிட்டது. டிரேஸ் செய்வதற்கு முன்பே ஏரியின் உட்பகுதியைக் கறுப்பால் நிரப்பியிருந்தால் ஒரே ஓரம்தான் கிடைத்திருக்கும்.

இப்போது இருப்பதையே காப்பாற்றலாம். பாத் மெனுவில் பிரேக் அபார்ட் கொடுங்கள், இரண்டு ஓரமும் தனித்தனியாகப் பிரியும். உள் ஓரத்தை அழித்துவிட்டு வெளி ஓரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நோடு குறைக்க, நான் இருபது வருடமாகக் கோரல்டிரா என்னும் இன்னொரு வரைகலை மென்பொருளில் செய்வது இதுதான்: எஃப்10 ஷேப் டூல், எல்லா நோடையும் தேர்வு, ரெட்யூஸ் நோட்ஸ், பிறகு வழவழப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. பத்து நிமிட வேலை.

பல்சக்கரம், குன்னூர் | திங்கள் மாலை 4.40

தம்பி, அந்த டிரேஸைப் பின்னால் மங்கலாக வைத்துப் பூட்டிவிட்டு, மேலே பேனா கருவியால் கையாலேயே வரைந்துவிடுங்கள். இது அதிக வேலை மாதிரித் தெரியும், ஆனால் இல்லை.

ஒரு முழு வட்டத்துக்கு எத்தனை நோடு வேண்டும்? நான்கு போதும்: மேலே, கீழே, இடம், வலம். நான்கு பெஜியே வளைவுகளால் (இந்த மென்பொருள்கள் வரைவது இந்த வளைவைத்தான்) வரைந்த வட்டம் உண்மையான வட்டத்திலிருந்து விலகுவது, ஆரத்தில் 0.03 சதவீதத்துக்கும் குறைவு. 1959இல் சிட்ரோயன் கார் ஆலையில் பால் டி காஸ்டெல்ஜோவும், 1960களில் ரெனோவில் பியேர் பெஜியேவும் இந்தக் கணக்கைக் கொண்டுவந்ததே, கார்த் தகட்டின் நீண்ட வளைவைச் சில புள்ளிகளுக்குள் அடக்கத்தான். 3,118 நோடு வைத்துக்கொண்டால் வளைவு என்பதே அங்கே இல்லை. ஸ்கேனில் இருந்த தாளின் சொரசொரப்பு, மை கசிந்த தடம் எல்லாவற்றையும் கத்தி உண்மை என்று நம்பி வெட்டுகிறது.

சரி, நோடை எங்கே வைப்பது? இதற்கு ஏரியைத்தான் கேட்க வேண்டும். ஏரி நட்சத்திர வடிவம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அது ஏன் அப்படி ஆனது என்று யோசித்துப் பாருங்கள். 1863இல் பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் ஓடைத் தண்ணீரை மறித்துக் கரை போட்டபோது, மேடுகளுக்கு இடையே இருந்த பள்ளங்களில் தண்ணீர் ஏறி நின்றது. ஒவ்வொரு கையும் மூழ்கிப்போன ஒரு பள்ளம். அதனால் உள்ளே போகப் போகக் குறுகி, நுனியில் கூராக முடியும். இரண்டு கைகளுக்கு நடுவே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடு மூக்கு மாதிரி உருண்டிருக்கும். நுனிக்குக் கூராக மடங்கும் கஸ்ப் நோடு, மூக்குக்கு வழவழப்பாக வளையும் ஸ்மூத் நோடு. இரண்டுக்கும் நடுவே நீண்டு போகும் கரையில், வளைவு இடமிருந்து வலமாக மாறுகிற இடத்தில் மட்டும் ஒன்று. ஒரு கைக்கு ஏழெட்டு நோடு தாண்டாது.

கைப்பிடிகளைப் பற்றியும் ஒன்று. வளைவைத் திருப்புவதற்காக நோடிலிருந்து நீளும் கைப்பிடி, அடுத்த நோடு வரை உள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தால் வளைவு இயல்பாக வரும். பாதியைத் தாண்டினால் புடைக்கும். கைப்பிடி மிகவும் குட்டையாக இருந்தால் நோடுக்குப் பக்கத்திலேயே சட்டென்று மடங்கும். வரைந்த பிறகு நோடையே தொடாமல், நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், கைப்பிடிகள் தானாகவே சரிசெய்துகொள்ளும்.

அச்சுக்கூடம், ஊட்டி | திங்கள் மாலை 5.30

பல்சக்கரம் சார், நீங்கள் சொல்வது அழகான முறை, மறுக்கவில்லை. ஆனால் தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு. கடை நடத்துகிறவனுக்கு ஒவ்வொரு வேலையையும் இப்படி உட்கார்ந்து வரைய நேரம் ஏது? சீசன் நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு டிசைன் வந்து நிற்கும். சாக்லேட் பெட்டி வாங்குகிற சுற்றுலாப் பயணி நோடை எண்ணிப் பார்க்கப்போவதில்லை. கோடு வழவழப்பாக வெட்டுப்பட்டால் போதும்.

பல்சக்கரம், குன்னூர் | திங்கள் இரவு 8.15

பயணி எண்ண மாட்டார். ஆனால் கேட்டவர் அந்த ஊர்க்காரர், அதைத்தான் யோசிக்கிறேன். சிம்ப்ளிஃபை, ரெட்யூஸ் எல்லாம் எல்லா நோடையும் ஒரே தராசில் நிறுத்துகின்றன. ஸ்கேனில் விழுந்த தூசியால் வந்த மேடும், ஏரியின் உண்மையான மூலையும் அதற்கு ஒன்றுதான். எது வழவழப்பைக் கெடுக்கிறதோ அதை எடுத்துவிடும். முதலில் அடிபடுவது கூரான நுனிகள். தம்பியின் ஏரி மொழுமொழுவென்று ஆனதற்கு அதுவே காரணம். எந்த வளைவு வேண்டும், எது வேண்டாம் என்று ஏரியைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

போன வருடம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக நம் மலை ரயிலின் பல்சட்டத்தை வரைந்தேன். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி என்று ஏறும் இடங்களில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடிக்கும் சட்டம் அது. புகைப்படத்தை டிரேஸ் செய்தபோது ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு உருவமாக வந்தது. அழித்துவிட்டு ஒரே ஒரு பல்லை எட்டு நோடில் வரைந்து, குளோன் எடுத்து வரிசையாக அடுக்கினேன். ஆப்ட் என்னும் இந்தப் பல்சட்ட முறையில் இரண்டு சட்டங்கள் அருகருகே இருக்கும்; ஒன்றில் பல் வரும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும். இரண்டாவது வரிசையை அரைப் பல் தூரம் தள்ளி வைத்ததும் வேலை முடிந்தது. பிறகு மூலப் பல்லில் ஒரு நோடை நகர்த்தினால் எல்லாப் பல்லும் சேர்ந்து மாறுகிறது. டிரேஸில் இது நடக்காது.

கோத்தகிரி நூல், கோத்தகிரி | செவ்வாய் காலை 7.50

இரண்டு பேர் சொல்வதிலும் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. முழுவதும் புதிதாக வரையத் தயக்கமாக இருந்தால், சிம்ப்ளிஃபை ஒரே ஒரு தடவை மட்டும் கொடுங்கள். அடுத்தடுத்து வேகமாக அடித்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கடுமையாக வேலை செய்யும், அதைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம் மிச்சத்தைக் கையால் எடுக்கலாம். நோடைத் தேர்வு செய்து டெலீட் அடித்தால் இங்க்ஸ்கேப் பக்கத்து நோடுகளின் கைப்பிடிகளை நீட்டி, வடிவத்தை முடிந்தவரை காப்பாற்றும். கண்ட்ரோலோடு டெலீட் அடித்தால் அந்தக் கரிசனம் இருக்காது. வழவழப்பான இடத்தில் ஒன்று விட்டு ஒன்று அழித்துப் பாருங்கள். கோடு அசையவில்லை என்றால் அந்த நோடு தேவையே இல்லாதது. கண்ட்ரோல்-5 அடித்து அவுட்லைன் காட்சிக்குப் போனால் நிறம் மறைந்து வெறும் கோடு தெரியும், பிளாட்டர் பார்ப்பதும் அதைத்தான்.

தம்பி, பழைய சுற்றுலா வரைபடம் யாரோ ஒருவருடைய உழைப்பு. விற்கிற பொருளில் அதைப் போட வேண்டாம். பலர் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏரி இருக்கிறது, கோடுகளாகவே இருக்கும் எஸ்விஜி கோப்பாக எடுக்கலாம். பெட்டியில் எங்காவது ‘© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று சிறிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் அதில் வளைவே கிடையாது, எல்லாம் புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்கோடு. அடியில் வைத்து மேலே வரைய மிகவும் வசதி.

பல்சக்கரம் ஐயா சொன்ன ‘பார்த்தவர்தான் சொல்ல முடியும்’ என்பதை நான் வேறு வழியில் கற்றுக்கொண்டேன். தோடர் பெண்கள் தைத்த ஒரு போர்வையின் ஓரத்தை, பதிவுக்காக அவர்கள் கேட்டு வரைந்து கொடுத்தேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். புகைப்படத்தில் நூல் உப்பலாகத் தெரிந்ததால் நானும் ஒவ்வொரு கட்டத்தையும் வளைவாக வரைந்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த பாட்டி ஒருவர் துணியைத் திருப்பிக் காட்டி, இழைகளை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். அவர்கள் மாதிரி வரைந்துகொண்டு தைப்பதில்லை, இழையை எண்ணித்தான் தைக்கிறார்கள். அங்கே வளைவுக்கு இடமே இல்லை. எல்லா நோடையும் தேர்வு செய்து கஸ்ப் ஆக்கி, கோடுகளை நேர்கோடாக மாற்றி, கிரிட்டில் ஒட்டவைத்து மறுபடி வரைந்தேன். ஒரு கட்டம் ஓர் இழை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அதில் ஓர் இழை கூடினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மன்னவனூர், கொடைக்கானல் மலை | செவ்வாய் காலை 9.10

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். மூலை உருண்ட செவ்வகம் வரைந்து நோடு கருவியால் தொட்டால் நான்கு மூலையிலும் நோடு வருவதில்லை. அகலம், உயரம், மூலையின் உருட்சிக்கு மட்டும்தான் பிடி வருகிறது. ஒரு பக்கத்தை மட்டும் எப்படி வளைப்பது?

கோத்தகிரி நூல், கோத்தகிரி | செவ்வாய் காலை 9.25

செவ்வகம், வட்டம், நட்சத்திரம் எல்லாம் அளவுகளாக மட்டுமே சேமிக்கப்படும், அவற்றுக்கு நோடு கிடையாது. ஷிஃப்ட்-கண்ட்ரோல்-சி அடித்தால் பாத் ஆக, அதாவது நோடுகளால் ஆன கோடாக மாறும், பிறகு எந்த நோடையும் இழுக்கலாம். மாற்றிய பிறகு மூலையின் உருட்சியை எண் கொடுத்துத் திருத்த முடியாது, அதனால் ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

ஏரிச்சாலை, கொடைக்கானல் | புதன் மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. பதில்களைப் படித்துவிட்டு இன்று அதிகாலை ஒரு காரியம் செய்தேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்த ஏரியை ஒரு தாளில் பெரிதாக அச்செடுத்து, பென்சிலோடு ஏரியை ஒரு சுற்று நடந்தேன். ஐந்து கிலோமீட்டர். மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை, காலடியில் இருக்கிற கரை மட்டும் தெரிந்தது, அதுவும் நல்லதாகவே போயிற்று. சாலை சட்டென்று திரும்பும் இடத்தில் சின்னக் கோணம் போட்டேன், மெல்ல வளையும் இடத்தில் வட்டம். தாளில் பெரிதாகத் தெரிந்த இரண்டு குடைவுகளை நடக்கும்போது உணரவே இல்லை, அவற்றை விட்டுவிட்டேன். மாறாக, ஒரு கையின் நுனியில் அல்லியும் புல்லும் மண்டிக் கிடக்கும் மூலை தாளில் ஒரு மில்லிமீட்டர்தான் வருகிறது, ஆனால் அது இல்லாமல் அந்தக் கை அந்தக் கையாக இல்லை. அதைக் கொஞ்சம் நீட்டியே வரைந்தேன்.

கடைக்கு வந்து பென்சில் குறிகளின் மேல் வைத்து வரைந்தேன். மொத்தம் 58 நோடு. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, நடுவில் கரண்ட் ஒரு தடவை போய் வந்ததையும் சேர்த்து. பிளாட்டர் இப்போது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

இப்போது இரண்டு புதுச் சிக்கல். ஒன்று, கூரான நுனிகளில் வேண்டாத வினைலை உரிக்கும்போது ஏரியின் நுனியும் சேர்ந்து எழும்புகிறது. இன்னொன்று எழுத்து. ‘கொடைக்கானல்’ என்பதில் க், ல் இரண்டின் மேலும் உள்ள புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது, உரிக்கும்போது காணாமல் போய்விடுகிறது. புள்ளியை மட்டும் பெரிதாக்கலாம் என்று பிரேக் அபார்ட் கொடுத்தேன். உடனே க-வின் வயிறு, ன-வின் சுழி, கொம்பின் வளையம் எல்லாம் அடைபட்டுக் கறுப்பாகிவிட்டன. எழுத்தை ஏரிக்கு உள்ளேயே வெட்டி எடுத்துவிடலாமா?

அச்சுக்கூடம், ஊட்டி | புதன் மதியம் 2.30

58 நோடில் வந்த படத்தைப் பார்த்தேன். என் பத்து நிமிட முறையில் இது வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். இந்த மாதிரி வேலைக்குக் கையால் வரைவதே சரி.

எழுத்துக்கு வருகிறேன். பிரேக் அபார்ட் எல்லா மூடிய கோட்டையும் தனித்தனி வடிவமாக்கிவிடும். க-வின் உடல் ஒரு வடிவம், அதன் வயிற்று ஓட்டை இன்னொரு வடிவம். ஓட்டை தனியானதும் அதுவும் ஒரு கறுப்புத் துண்டாகிவிடுகிறது. அண்டூ செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். இல்லையென்றால் க-வின் உடலையும் அதன் ஓட்டையையும் மட்டும் சேர்த்துத் தேர்ந்து கண்ட்ரோல்-கே அடித்து ஒன்றாக்குங்கள். ஓட்டை திரும்பி வரும். எழுத்து எழுத்தாகச் செய்ய வேண்டும், சங்கிலிக்கொம்பு இருக்கும் இடத்தில் வளையம் இரண்டு என்பதை மறக்க வேண்டாம்.

புள்ளியைப் பெரிதாக்கப் பிரிக்கவே தேவையில்லை. எழுத்தைப் பாத் ஆக்கி, குழுவைப் பிரித்து, நோடு கருவியால் புள்ளியைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் இழுங்கள். அந்த நான்கைந்து நோடு தேர்வாகும். பெரிது என்னும் குறியை, அதாவது > விசையை அழுத்தினால் அவை மட்டும் இருந்த இடத்திலேயே விரியும். இரண்டு மில்லிமீட்டர் வரை கொண்டுவாருங்கள். இதற்குக் குறைந்தால் வினைலில் புள்ளி நிற்காது, எந்தப் பசையாக இருந்தாலும். பெரிதாக்கியதும் எழுத்தின் தலையில் இடிக்கும், அதனால் அம்பு விசையால் மேலே கொஞ்சம் நகர்த்துங்கள். புள்ளி விழுந்த ‘கொடைககானல’ பெட்டியில் ஏறக் கூடாது. நம் எழுத்தில் புள்ளி அலங்காரம் இல்லை.

ஏரிக்குள் எழுத்தை வெட்டுவது வேண்டாம். டிஃபரன்ஸ் கொடுத்தால் திரையில் பிரமாதமாக இருக்கும். ஆனால் அப்போது க-வின் வயிறும் ன-வின் சுழியும் தண்ணீரில் மிதக்கும் தீவுகளாகிவிடும். ஒவ்வொன்றையும் ஊசி முனையால் காப்பாற்ற வேண்டும். 200 ஸ்டிக்கருக்கு முடியாது.

நுனிக்கு: கத்தி தன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருவது. ஊசி மாதிரியான முனையில் அது திரும்ப இடம் கிடைக்காமல் வினைலைக் கிள்ளும். நுனியில் இருக்கும் ஒற்றைக் கஸ்ப் நோடுக்குப் பதில், அரை மில்லிமீட்டர் தள்ளி இரண்டு ஸ்மூத் நோடு வையுங்கள். கண்ணுக்குக் கூராகவே தெரியும், கத்திக்கு வழி கிடைக்கும்.

பல்சக்கரம், குன்னூர் | புதன் மாலை 6.00

நுனிக்குக் கஸ்ப் என்று சொன்னவன் நான். தாளில் அச்சடிக்க அது சரி; வினைலுக்கு அச்சுக்கூடம் சொல்வதே சரி. வெட்டுகிற கருவியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

தம்பி, ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். கரைக்கோடு மூடியிருக்கிறதா? தொடங்கிய நோடும் முடித்த நோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தும் சேராமல் இருக்கலாம். நிறம் நிரம்பியிருப்பதை வைத்து நம்பக் கூடாது, திறந்த கோட்டிலும் நிறம் நிரம்பும். அந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் இழுங்கள். கீழே இரண்டு நோடு என்று காட்டினால் ஷிஃப்ட்-ஜே அடித்து இணையுங்கள்.

ஏரிச்சாலை, கொடைக்கானல் | வெள்ளி காலை 11.40

சேராமல்தான் இருந்தது, ஐயா. ஷிஃப்ட்-ஜே கொடுத்து இணைத்தேன். நுனிகளை உருட்டியதில் நோடு 63 ஆனது. புள்ளிகள் இரண்டு மில்லிமீட்டர், இருநூறிலும் ஒன்றுகூட விழவில்லை.

சாக்லேட் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார். முதல் ஸ்டிக்கரைக் கையில் எடுத்ததும் அந்தப் புல் மண்டிய மூலையில் விரலை வைத்து, “இது எங்க வீட்டுப் பக்கம்” என்றார். நான் நீட்டி வரைந்த நுனி அது.

கோப்பைப் பகிர்வுப் பகுதியில் போட்டிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். படகுத் துறைக்கு எதிரே உள்ள மூக்கில் ஒரு நோடின் கைப்பிடி இன்னும் நீளமாக இருக்கிறது, கரை லேசாகப் புடைக்கிறது. நாளைக் காலை அந்தப் பக்கம் நடக்கும்போது ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருத்திய கோப்பைப் போடுகிறேன்.